எண்ணாயிரம் கலோரி காளியாயி

1958ஆம் ஆண்டு, தேயிலைத் தோட்டத்து ஆட்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று அளந்து பார்க்க, கொழும்பிலிருந்து ரிஸ்வி என்ற இளம் அதிகாரி அக்கரப்பத்தனைப் பக்கம் வந்தார். கையில் ஒரு தராசு, ஒரு மூட்டை தகர டப்பாக்கள். மலைக் குளிரில் வந்து இறங்கிய அன்றே அவருக்கு மூக்கு அடைத்துக்கொண்டது.

முதலில் கொழுந்து பறிக்கும் காளியாயி இருந்த லயத்து வரிசை வீட்டுக்குப் போனார்.

"நாளைக்கு நீங்க எது சாப்பிட்டாலும் அதே அளவு இந்த டப்பாவுலயும் போடணும். ரெண்டு ரொட்டின்னா ரெண்டு ரொட்டி. சாயங்காலம் வந்து எடுத்துக்கிறேன்."

"எடுத்துட்டுப் போயி என்னங்க செய்வீங்க?"

"காயவச்சுப் பொடியாக்கி, ஒரு இரும்புப் பாத்திரத்துக்குள்ள எரிப்போம். சுத்தி இருக்கிற தண்ணி எவ்வளவு சூடாகுதோ, சாப்பாட்டுல அவ்வளவு சக்தி. அதுக்குப் பேரு கலோரி."

காளியாயிக்கு ஒன்று மட்டும் தெளிவாகப் புரிந்தது. அடுத்த வீட்டு அழகம்மாவின் ரொட்டியும் எரியப் போகிறது. எது நன்றாக எரிகிறதோ அந்த வீட்டுக்குத்தான் மதிப்பு.

மறுநாள் கோதுமை ரொட்டி ஒன்றை அடுப்பில் போட்டுப் பார்த்தாள். கருகியது, புகைந்தது, பற்றி எரியவில்லை. ரொட்டி, சோறு, தேங்காய்ச் சம்பல் எல்லாவற்றையும் ஒழுங்காக டப்பாவில் போட்டாள். பிறகு ஒரு போத்தல் தேங்காயெண்ணெயை அப்படியே அதன்மேல் கவிழ்த்தாள்.

கணவன் சோலைமலை பதறிப்போனான். "ஏன்டி, தலைக்குத் தேய்க்க வச்சிருந்த எண்ணெயாச்சே!"

"சும்மா இருங்க. கொழும்புல போயி நம்ம மானம் புகையக் கூடாது."

சாயங்காலம் ரிஸ்வி வந்தார். அடைத்த மூக்குக்கு எந்த வாசனையும் எட்டவில்லை. டப்பாவை இறுக மூடி எடுத்துப்போனார்.

மூன்று வாரம் கழித்து லயத்து முன்னால் ஒரு ஜீப் வந்து நின்றது. ரிஸ்வியோடு அவருடைய மேலதிகாரியான பெரிய டாக்டரும் இறங்கினார்.

"ஒரு நாளைக்கு எண்ணாயிரம் கலோரி சாப்பிடுற ஆள் யாரு?" என்று கேட்டுக்கொண்டே சோலைமலையை மேலும் கீழும் பார்த்தார்.

"நான் இல்லீங்க ஐயா. அவதாங்க."

காளியாயி வெளியே வந்தாள். எடை போட்டால் தொண்ணூறு றாத்தல்கூடத் தேறமாட்டாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அழகம்மாவுக்கு எத்தனைங்க?" என்றாள் அவள்.

"ஆயிரத்து எண்ணூறு," என்றார் ரிஸ்வி.

காளியாயிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அப்படின்னா இன்னைக்கு எங்க முன்னால சாப்பிட்டுக் காட்டுங்கம்மா," என்றார் டாக்டர்.

சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "ஐயா, அது எரிக்கிறதுக்குன்னு செஞ்சதுங்க. திங்கிறது வேறங்க," என்று எண்ணெய் ஊற்றிய கதையைச் சொன்னாள்.

டாக்டர் சிரித்துச் சிரித்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ரிஸ்வியின் காது சிவந்தது. அவர் தராசை எடுத்து மறுபடி முதலிலிருந்து அளக்கத் தொடங்கினார்.

காளியாயி டாக்டருக்கும் சுடச்சுட ரொட்டி போட்டாள், காரச் சம்பலோடு. குளிருக்கு அது இதமாக இறங்கியது. கொஞ்ச நேரத்தில் அவள் ரிஸ்வியைக் கூப்பிட்டாள்.

"ஐயா, பெரிய டாக்டர் அஞ்சாவது ரொட்டி எடுத்துட்டாங்க. அவங்களுக்கும் ஒரு டப்பா வைக்கணுமுங்களா?"