மூன்றாம் பாகம் யாரிடம்?

ரத்தினம்மாவின் வீட்டுக்குள் சந்தேகத்தைக் கொண்டுவந்து விட்டவன் ஒரு சேனாபதி. நிஜச் சேனாபதி இல்லை. 'கருங்குளத்து இளவரசி' என்ற ஆறு பாகக் கதையில் வருகிறவன். வீரமல்லன் என்று பெயர். இரண்டாம் பாகத்தின் கடைசியில், ராணிக்கு வந்த ஓலையை இடுப்பில் செருகி ஒளித்துவிட்டு, ஒன்றும் அறியாதவன்போல் கோட்டை வாசலில் நிற்கிறான். அவன் துரோகி என்பதில் ரத்தினம்மாவுக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

"பார்த்துகினே இருங்க, இவன் எதிரிகிட்ட கைநீட்டி வாங்கினவன்தான்" என்றாள், புருஷனுக்குக் களியும் கீரையும் போட்டுக்கொண்டே.

"சேச்சே, அவன் நல்லவன் ரத்தினம். ஓலையில ராஜா செத்த சேதி இருந்தது. ராணி தாங்கமாட்டாளேன்னுதான் மறைச்சிட்டான்" என்ற தம்மபாலன், சட்டென்று ஒரு பெரிய களி உருண்டையை வாயில் போட்டு அடைத்துக்கொண்டார்.

ரத்தினம்மாவின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. ஓலையில் இன்னதுதான் இருந்தது என்று இரண்டாம் பாகத்தில் ஓர் இடத்திலும் வராது. அதை அவள் இரண்டு தடவை முழுசாகப் படித்தாகிவிட்டது. மூன்றாம் பாகம் கேட்டுக் கேட்டு மூன்று வாரம் ஆகிறது. "வேற யாரோ எடுத்துகினு போயிட்டாங்களாம்" என்று இந்த மனுஷன்தான் தினமும் கைவிரிக்கிறார். கைக்கு வராத புத்தகத்தின் சங்கதி வாய்க்கு மட்டும் எப்படி வந்தது?

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வேலை செய்யிற எடத்துல, ஷாப்ட்ல பேசிகினாங்க" என்று சொல்லிவிட்டு அவர் தண்ணீர்ச் செம்பைத் தேடினார். செம்பு அவர் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

அவர்கள் இருவரும் கதைப் பைத்தியம். மகளைப் பங்காருபேட்டையில் கட்டிக்கொடுத்த பிறகு, ஸ்கெலட்டன் லைன் என்ற சுரங்கக் கம்பெனிக் குடியிருப்பில் இருந்த அந்த ஒற்றை அறை வீட்டில் பேச்சுக்குத் துணை கதைகள்தான். முன்பெல்லாம் வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதைகளைக் கிழித்து, ரத்தினம்மாவும் பக்கத்து வீட்டு லூயிசாவும் சாக்கு ஊசியால் தைத்து வைப்பார்கள். நடுவில் நாலு வாரம் காணாமல் போயிருக்கும். கொலை செய்தவன் யாரென்று தெரியாமலே கதாநாயகிக்குக் கல்யாணம் நடந்துவிடும். இருந்தாலும் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது: முன்னால் படித்தவர் பின்னால் வருகிறவரிடம் வாயைத் திறக்கக்கூடாது. இருபது வருஷமாகத் தம்மபாலன் அந்தச் சட்டத்தை மீறியதில்லை. அவர் முன்னால் போனதே இல்லை என்பதும் ஒரு காரணம். தங்கச் சுரங்கத்தில் எட்டு மணி நேரம் பாறை துளைத்துவிட்டு வருகிற மனுஷன், நாலு பக்கம் புரட்டுவதற்குள் புத்தகத்தை மார்பில் கவிழ்த்துக்கொண்டு தூங்கிவிடுவார்.

தை மாதத்தில் ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் புதுப் புத்தகக்கடை வந்தது. முன்பக்கம் விற்பனை, பின்பக்கம் வாடகை. வீட்டுக்கு ஓர் அட்டை, அட்டைக்கு ஒரு பாகம். கடைக்குச் சொந்தக்காரி சுலோச்சனா. அவள் புருஷன் பங்காருபேட்டையில் பருப்பு மண்டி வைத்திருக்கிறான், வாரத்துக்கு ஒருநாள்தான் இங்கே தலைகாட்டுவான் என்று ஊரில் பேச்சு. முதல் இரண்டு பாகங்களையும் தம்மபாலன்தான் வாங்கிவந்தார். "அந்தம்மா எல்லாக் கதையும் படிச்சிருக்குது ரத்தினம், இன்னாமா பேசுது தெரியுமா!" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். அன்றைக்கு ரத்தினம்மாவும் சிரித்தாள். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் குழாயடியில் லூயிசாவிடம் மனசைக் கொட்டினாள். கொட்டியிருக்கக்கூடாது. லூயிசாவுக்கு ஒரு நூல் கிடைத்தால் போதும், சேலையே நெய்துவிடுவாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. மாமா மூணு வாரமா காலை ஏ ஷிப்ட்தானே போறாரு? ஷிப்ட் வாரா வாரம் மாறாதா?"

"கூட வேலை செய்யிற பெருமாளோட மாத்திகினேன்னு சொன்னாரு."

"பெருமாள் இன்னாத்துக்கு ராத்திரி ஷிப்ட் கேட்டு வாங்கிக்கிறான்? அவனுக்குப் பைத்தியமா? பகல்லதான் அந்தக் கடை திறந்திருக்கும், அதை யோசிச்சிங்களா?"

ரத்தினம்மா யோசித்தாள். யோசிக்க யோசிக்க, கண்ணில் பட்டதெல்லாம் கோணலாகத் தெரிந்தது. அன்று மத்தியானம் புருஷனின் ஷிப்ட் உடுப்பைத் துவைக்கப் போட்டபோது இன்னொன்று கண்ணில் பட்டது. சுரங்கத்துக்குள் ஒட்டுகிற சேறு கறுப்பு, பிசுபிசுப்பு. சவுக்காரக்கட்டி பாதி கரைந்தாலும் போகாது. இந்தக் கால்சட்டையோ உதறினதுமே வெள்ளைப் பொடியாக, கோதுமை மாவுபோல் கொட்டியது. அதைக் கையில் தேய்த்துப் பார்த்தாள். சயனைட் மேட்டு மண். பாறையை அரைத்துத் தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டிக் கொட்டி மலையாக வளர்ந்து நிற்கிற மேடு அது. பூமிக்கு அடியில் வேலை செய்கிறவனுக்கு மேட்டில் என்ன வேலை?

"அந்த மேட்டுக்குப் பின்னால எந்த மாதிரி ஜோடிங்க போவாங்கன்னு ஊருக்கே தெரியும்க்கா" என்று லூயிசா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

புருஷனுக்கு நாற்பத்தாறு வயதில் இப்படி ஒரு கேவலமா? கடைக்காரியை ரத்தினம்மா பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் மனசுக்குள் அவளுக்கு நல்ல நிறமும் நீண்ட பின்னலும் மூக்குத்தியும் கொடுத்து, பட்டுச் சேலையும் கட்டிவிட்டாயிற்று. அந்த உருவத்தோடு தம்மபாலன் மேட்டுச் சரிவில் உட்கார்ந்து கதை பேசுகிறார். அவர் அவளைத் தொட்டதாகக்கூட ரத்தினம்மா நினைக்கவில்லை. கதை பேசுகிறார் என்பதுதான் தாங்கவில்லை. தன்னிடம் மட்டும் பேசுகிற பேச்சை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டாரே என்றுதான் நெஞ்சு கொதித்தது.

கடைசியாக ஒரு பரீட்சை வைத்தாள். லூயிசாவின் புருஷன் ஏனோக் தம்மபாலன் இறங்குகிற அதே ஷாப்டில், அதே சுரங்கக் குழியில் வேலை பார்க்கிறவன். அவன் ஷிப்ட் முடிந்து வரும்போது வாசலில் மறித்தாள்.

"ஏனோக், எங்க வீட்டுக்காரரு உன்கூடத்தானே சுரங்கத்துக்குள்ள கேஜ்ல இறங்குறாரு?"

ஏனோக் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தன் பூட்ஸைப் பார்த்தான். "நான் கீழ வேற ஆழத்துல, வேற லெவல்ல கீறேன்க்கா" என்று முணுமுணுத்துவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அதற்கு மேல் அவளுக்குச் சாட்சி வேண்டியிருக்கவில்லை. ஆம்பளைகள் எல்லாரும் ஒரே கூட்டு.

வியாழக்கிழமை விடிவதற்கு முன்பே தம்மபாலன் பூட்ஸும் ஹெல்மெட்டுமாகக் கிளம்பினார். அவள் வழக்கம்போல் சாப்பாட்டு டப்பாவைக் கொடுத்தாள். பத்தரை மணிக்கு நல்ல சேலையாக எடுத்துக் கட்டினாள். இரண்டாம் பாகத்தை இடுக்கிக்கொண்டு ராபர்ட்சன்பேட்டைக்கு நடந்தாள். வழி நெடுக, சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டே போனாள். கடைத்தெரு கூடிவிடும்படி கத்துவது என்று முடிவு. பிறகு பங்காருபேட்டை ரயிலேறி மகள் வீட்டுக்குப் போய்விடுவது என்றும் முடிவு.

கடையில் இருந்தவளைப் பார்த்ததும் வரிசை கலைந்துபோயிற்று. ஐம்பதை எட்டிய, பருத்த, தடித்த கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கடை முழுக்கத் தைல வாசனை.

"வாங்கம்மா, இன்னா கதை வேணும்?"

"கருங்குளத்து இளவரசி, மூணாம் பாகம்." குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "யாரோ எடுத்துகினு போயிட்டாங்களாமே?"

"போகலையேம்மா, இங்கதான் இருக்கு. ஆனா கொடுக்க முடியாது." சுலோச்சனா தைலச் சீசாவை மூடினாள். "உள்ளே ஒருத்தர் தினமும் உட்கார்ந்து படிக்கிறார். ஆறு பாகமும் எப்பவோ முடிச்சிட்டார். ஆனா இந்த மூணாவதை மட்டும் யாருக்கும் கொடுக்காதீங்கம்மான்னு கெஞ்சுறார். கேட்டா காரணம் சொல்ல மாட்டேங்கிறார். நேத்து, 'இதைவிட நீளமான கதை இருக்குதா?'ன்னு கேட்டார். எனக்கே என்னமோ போல இருக்கு. நீங்களே வேணும்னா கேட்டுப் பாருங்க."

ரத்தினம்மா அலமாரிகளைத் தாண்டி உள்ளே போனாள். பின்கட்டில், கூரைக் கண்ணாடிக்குக் கீழே ஒரு தேயிலைப் பெட்டிமேல் தம்மபாலன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஹெல்மெட். அதற்குள் பத்திரமாகச் சாப்பாட்டு டப்பா. மடியில் மூன்றாம் பாகம். அவர் அதைப் படித்துக்கொண்டிருக்கவில்லை. அட்டையின்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளைக் கண்டதும் பதறி எழுந்து நின்றார்.

"வேலைக்குப் போகாம இங்க இன்னா பண்றீங்க?"

"வேலை இல்ல ரத்தினம்."

"இல்லன்னா?"

"ரெண்டாம் பாகம் கொண்டாந்த மறுநாளு ஆஸ்பத்திரியில கூப்பிட்டாங்க. நெஞ்சைப் பிலிம் எடுத்துப் பார்த்தாரு டாக்டரு. பாறைத் தூசி அடைச்சிகினு கீதாம். இனிமே கீழ இறங்கக்கூடாதுன்னு எழுதிட்டாங்க. மேல வேலை கேட்டேன், காலி இல்லையாம்."

அந்த நேரத்தில் ரத்தினம்மாவுக்கு வந்தது சந்தோஷம். பொம்பளை சமாச்சாரம் இல்லை, அப்பாடா என்று உடம்பெல்லாம் லேசாகி, உதடு சிரிக்கக்கூடத் தொடங்கிவிட்டது. இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம்தான். ஆனால் அவள் பிற்பாடு எத்தனையோ தடவை தன்னையே திட்டிக்கொண்டது அந்த ஒரு நொடிக்காகத்தான். புருஷனின் நெஞ்சில் கல் இறங்கியிருக்கிறது என்ற சேதி காதில் விழுந்து, இவளுக்கு நிம்மதி பிறந்தது. அப்புறம்தான் அவர் சொன்னது உறைத்தது. தேயிலைப் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த லைனில் தூசி என்றால் என்னவென்று யாரும் யாருக்கும் விளக்கத் தேவையில்லை; அது நெஞ்சில் இறங்கியவர் தேறியதில்லை. இருமல் எல்லா வீட்டிலும் உண்டு. அதனாலேயே இவருடைய இருமலை அவள் ஒரு பொருட்டாக எடுத்ததில்லை.

"துணியில மேட்டு மண்ணு..."

"சுத்தமா வந்தா நீ கண்டுபிடிச்சிடுவியே. வர்ற வழியில அள்ளிப் பூசிக்குவேன்."

"ஏனோக்குக்குத் தெரியுமா?"

"ஷாப்ட்ல எல்லாருக்கும் தெரியும். நான்தான் சொல்லாதீங்கன்னு கையைப் புடிச்சிக் கேட்டுகினேன்."

"மூணாம் பாகத்தை ஏன் மறைச்சீங்க?"

தம்மபாலன் புத்தகத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "கதையை நீ முடிக்கிற அன்னிக்குச் சொல்லிடணும்னு மனசுல ஒரு கணக்கு. அதுவரைக்கும் நீ நிம்மதியா இருப்பியேன்னு. அப்புறம் பயமா போச்சு. இதைக் கொடுத்தா நாலாவது கேட்ப, அஞ்சாவது கேட்ப, சட்டுன்னு முடிஞ்சிடும். வீட்டை வேற மாசக் கடைசியில காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

"மாசக் கடைசிக்கு ஒம்பது நாள்தான் கீது!"

"தெரியும்."

அவளுக்கு ஆத்திரம் வந்தது. மூன்று வாரம் விடிவதற்கு முன்னால் எழுந்து, போகாத வேலைக்குச் சோறு கட்டிக் கொடுத்திருக்கிறாள். மூன்று வாரம் இந்த மனுஷன் கடை திறக்கிறவரைக்கும் எந்தத் தெருவில் குளிரில் நின்றாரோ? இவளோ அந்த நேரமெல்லாம் அவரை ஒரு பட்டுச் சேலைக்காரியோடு சரிவில் உட்காரவைத்துக்கொண்டிருந்தாள். கோபம் அவர்மேல் பாதி, தன்மேல் பாதி. எதை எங்கே காட்டுவது என்று தெரியாமல் ஹெல்மெட்டை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"எந்திரிங்க. வீட்டுக்குப் போலாம்."

"ரெண்டு மணிக்குச் சங்கு ஊதட்டும் ரத்தினம். ஷிப்ட் விட்டதும் கூட்டத்தோட கூட்டமா வந்துடறேன். இப்பப் போனா எல்லாரும் பார்ப்பாங்க."

"பார்க்கட்டும்."

அவர் அசையவில்லை. "ஏதோ ஒரு மாதிரி இருக்குது" என்றார், சின்னக் குரலில்.

"எனக்கு மட்டும் இல்லையா? வாங்க" என்று அவர் முழங்கையைப் பிடித்தாள்.

கடைத்தெரு வழியாகப் பட்டப்பகலில் அவர்கள் நடந்தார்கள். பூட்ஸ் போட்ட ஒரு சுரங்கத் தொழிலாளி பதினோரு மணிக்குப் பெண்டாட்டியோடு நடந்துபோவது அந்த ஊரில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற காட்சி. ஒருவர் டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். தம்மபாலன் தலையைக் குனிந்துகொண்டார். ரத்தினம்மா குனியவில்லை. முழங்கையையும் விடவில்லை.

லைன் முனையில் குழாயடியில் லூயிசா குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். இருவரையும் கண்டதும் அவள் முகத்தில் ஒரு குறும்பு ஓடியது.

"இன்னாக்கா, கையும் களவுமா புடிச்சிட்டிங்களா?"

வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் திரும்பினார்கள். தம்மபாலன் கையை உருவிக்கொள்ளப் பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுல தூசி லூயிசா" என்றாள் ரத்தினம்மா, எல்லாருக்கும் கேட்கும்படி. "வேலை போயிடுச்சு. மூணு வாரம் ஆச்சு. எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

லூயிசாவின் குடம் நிறைந்து வழிந்தது. யாரும் குழாயை மூடவில்லை.

அப்போது தம்மபாலன் இருமினார். வீட்டில் மூன்று வாரமாகத் தலையணையில் முகம் புதைத்து அடக்கிவைத்த இருமல் அது. இனி யாருக்கும் ஒளிக்க வேண்டியதில்லை என்று ஆனதும் நடுத்தெருவில் அவரைக் குனியவைத்துப் பிடித்து உலுக்கியது. அவர் அவள் தோளைப் பற்றிக்கொண்டார். அவள் ஹெல்மெட்டைக் கீழே போட்டுவிட்டு, அவர் முதுகைத் தடவிக்கொண்டே, இருமல் அடங்கட்டும் என்று காத்து நின்றாள். அது அடங்க வெகுநேரம் ஆயிற்று.