இன்னும் குண்டு விழாத ஊர்

தளபதியின் காகிதங்களோடு வந்த படத்தில் இருந்த ஊரில் இன்னும் குண்டு விழவில்லை. வெளியே அந்த ஊர் அழிந்து ஐம்பத்தோரு வருஷம் ஆகியிருந்தது. அது இருந்த இடத்தில் புல் முளைத்து, புல்லுக்கு நடுவே நாலுவழிச் சாலை போட்டு, சாலையோரம் ஒரு பெட்ரோல் பங்க்கும் வந்துவிட்டது. படத்தில் மட்டும் காலை மணி பதினொன்று இருபத்தொன்பது. குண்டு விழுந்தது பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு என்று பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. ஆக, இருபத்துமூன்று நிமிஷம் பாக்கி இருந்தது.

தளபதி, போர் நடந்த காலத்தில் விமானப்படை முழுவதையும் தன் கையில் வைத்திருந்தவர். ஓய்வுபெற்ற பிறகு ஒரு துண்டுச் சீட்டைக்கூடக் கிழித்துப் போடாதவர். பல் வைத்தியரின் கடிதம், விழா அழைப்பிதழ், பத்திரிகைகளுக்கு எழுதி அனுப்பாமல் விட்ட மறுப்புகள், போர்க்கால நாட்குறிப்புகள் என்று முப்பத்தேழு பெட்டிகள் சேர்ந்திருந்தன. அவர் இறந்து இரண்டு வருஷம் கழித்து அவருடைய மகள் அத்தனையையும் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு வந்து ஆவணக் காப்பகத்தில் இறக்கினாள். கடைசியாக, கறுப்புக் காகிதம் சுற்றிய ஒரு பிஸ்கட் டின்னை மடியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். "இதை மட்டும் அப்பா யாரையும் தொட விடமாட்டார். வருஷத்துல ஒரு நாள் ரூமைச் சாத்திக்கிட்டு ஒரு மணி நேரம் வச்சிருப்பார். அன்னைக்கு ராத்திரி சாப்பிட மாட்டார். நாங்களும் கேட்டதில்லை" என்றாள்.

அதை வாங்கிக்கொண்டவள் பென்சிலம்மா. காப்பகத்துக்குள் பேனாவுக்கு அனுமதி இல்லை, மை பட்டால் காகிதம் போச்சு. இருபத்தாறு வருஷமாக அட்டவணை போடும் வேலையில் இருந்ததில் அவள் காதோரம் பென்சில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. ஒருமுறை சம்பளப் பட்டியலிலும் பென்சிலால் கையெழுத்துப் போட்டு இயக்குநரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். தளபதியின் காகிதங்களை அவளிடம் ஒப்படைத்தபோது அவள் எந்த ஊர்க்காரி என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பாள். அந்த ஊர்க்காரர்கள் எல்லோருமே பொய்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எதிரியின் வண்டிகளை மரக்கிடங்கில் ஒளித்துவைத்த ஊர், அதனால்தான் குண்டு விழுந்தது என்று அரசாங்கத்தின் போர் வரலாறு சொல்கிறது. செத்தவர்கள் போக மிஞ்சியவர்கள் போன இடத்திலெல்லாம் காட்டிக்கொடுத்த ஊர்க்காரர்கள் என்றே பேர் வாங்கினார்கள். அவளுடைய அம்மா பிரசவத்துக்காகப் பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரியில் இருந்தாள். அந்த வாரம் பிறந்தவள் இவள். அப்பா ஊரிலேயே இருந்துவிட்டார். வீடு எரிந்ததில் அவருடைய போட்டோ ஒன்றுகூட மிஞ்சவில்லை. கதவு ஜன்னல்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர், எப்போதும் தோளில் ஏணியோடுதான் நடப்பார் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.

பதினேழாவது பெட்டியில் இருந்த நாட்குறிப்பில் அவள் ஒரு பக்கத்தைப் படித்தாள். விமானங்கள் கிளம்பிவிட்டன, படம் ஈரம் காயாமல் என் மேசைக்கு வந்தது, வேலை இருந்ததால் அதைப் பார்க்காமலே இறுதி ஆணையில் கையெழுத்துப் போட்டேன், மாலையில்தான் பார்த்தேன், கிடங்கில் வண்டிகள் இல்லை, துணி காய்ந்துகொண்டிருந்தது, திருப்பிக் கூப்பிட நேரம் இருந்திருக்கிறது. இவ்வளவுதான் எழுதியிருந்தது. மறுநாளைய பக்கத்தில் குளிருக்குப் புதிய கம்பளி வந்ததைப் பற்றி இருந்தது. பென்சிலம்மா அன்று மதியச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு இயக்குநரின் அறைக்குப் போனாள். விஷயம் பத்திரிகையில் வந்தது. ஊர்க்காரர் சங்கம் ஒன்று, அதுவரை வாடகை அறையில் வருஷத்துக்கொரு முறை கூடி அழுதுவிட்டுக் கலைகிற சங்கம், மனு கொடுத்தது. விசாரணைக் குழு அமைந்தது. குழுவின் வக்கீல் நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வயதானவரின் மனவருத்தம் ஆதாரம் ஆகாது, அட்டவணையில் வான்படம் ஒன்று என்று இருக்கிறதே, அதை அனுப்புங்கள் என்றார்.

அனுப்ப ஒரு மாதம் அவகாசம் இருந்தது. அந்த நாட்களில்தான் பென்சிலம்மா வான்படம் இருந்த பிஸ்கட் டின்னைத் தினமும் ஒரு மணி நேரம் திறந்து வைத்திருந்தாள். கறுப்புக் காகிதத்தின் உள்பக்கத்தில் தளபதியின் கையெழுத்தில், வெள்ளைப் பென்சிலால், நாற்பத்தொன்பது வரிகள் இருந்தன. ஒவ்வொரு வரியிலும் ஒரு தேதி, அதே மாதம் அதே நாள், வருஷம் மட்டும் வேறு; எதிரே ஒரு மணி. முதல் வருஷம் பத்து நாற்பத்தொன்று, அடுத்த வருஷம் பத்து நாற்பத்திரண்டு, கடைசியில் பதினொன்று இருபத்தொன்பது. கிழவருக்கு ஏதோ கிறுக்கு, ஒவ்வொரு வருஷமும் ஒரு நிமிஷம் தள்ளித்தான் டின்னைத் திறப்பார் போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள். பிறகு லென்ஸை வைத்துப் படத்தைப் பார்த்தாள். ஆறு, பாலம், கடைத்தெரு, சதுக்கத்தில் மணிக்கூண்டின் நிழல், மரக்கிடங்கில் வெள்ளை வெள்ளையாகத் துணி. மருந்துக்கடைக்கு எதிரே ஒரு புள்ளி. புள்ளிக்குக் குறுக்கே மயிரிழை மாதிரி ஒரு கோடு. தோளில் ஏணியோடு போகிற மனுஷன் மேலேயிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரிவான். ஐம்பத்தோரு வயதில், பதினெட்டாயிரம் அடி உயரத்திலிருந்து, அவள் முதல்தடவையாகத் தன் அப்பாவைப் பார்த்தாள்.

மறுநாளும் பார்த்தாள். புள்ளி மருந்துக்கடையைத் தாண்டியிருந்தது. நேற்றுத் தான் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். ஐந்தாம் நாள் அப்பா தையல்கடை முனையில் திரும்பினார். ஏழாம் நாள் ஸ்டேஷனில் அதுவரை இல்லாத ரயில் நின்றது. அவளுக்குப் பயம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. அதுதான் அவள் செய்த தப்பு. அப்பா நடக்கிறார், அவள் கூடவே போகிறாள், அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. இடையில் இயக்குநர் சொன்னதற்காக நகல் எடுக்கப் பார்த்தார்கள். மூன்று தடவை எடுத்தும் நகலில் இடிந்த ஊர்தான் விழுந்தது, எல்லோரும் பாடப்புத்தகத்தில் பார்த்த அதே இடிபாடு. கேமரா சரியில்லை என்று போட்டோக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். பன்னிரண்டாம் நாள் தபால் ஆபீஸ் வாசலில் அந்தக் கோடு குட்டையாகிவிட்டிருந்தது. ஏணியைச் சுவரில் சாய்த்தாயிற்று, புள்ளி அதன் உச்சியில் இருந்தது.

பழைய படங்கள் ஒவ்வொன்றோடும் காப்பகத்தில் ஒரு வெளிச்ச அட்டை கட்டியிருக்கும். வெளிச்சம் பட்டால் படம் மங்கும் என்பதால், எத்தனை மணி நேரம் வெளியே இருந்தது என்று அதில் குறிக்க வேண்டும். இந்த வயதுப் படத்துக்கு வருஷத்துக்கு ஒரு மணி நேரம்தான் கணக்கு. அன்றைய நேரத்தைக் குறிக்கப் போனவள் அட்டையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். தன் கையெழுத்திலேயே பன்னிரண்டு மணி நேரம் இருந்தது. மணிக்கூண்டின் நிழலை அளந்து பார்த்தாள். பதினொன்று நாற்பத்தொன்று. ஒரு மணி நேர வெளிச்சத்துக்கு உள்ளே ஒரு நிமிஷம் போகிறது. தளபதி நாற்பத்தொன்பது வருஷத்தில் செலவழித்தது நாற்பத்தொன்பது நிமிஷம். பெற்ற மகளான இவள் பன்னிரண்டே நாளில் பன்னிரண்டு நிமிஷத்தைத் தின்று தீர்த்திருந்தாள். டின்னை மூடி, கறுப்புக் காகிதத்தை இரண்டு சுற்றாகச் சுற்றிவிட்டு, கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னாள். அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், கத்தியைக் கீழே வைக்கவில்லை. "ஏணி எந்தத் தோள்ல இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள். இடது தோள் என்றாள் மகள். "அவர்தான். வலது தோள்ல அடிபட்டு, தூக்க முடியாது" என்றாள் அம்மா. அன்று தபால் ஆபீஸ் கதவுக்குப் பச்சை அடிக்கிற வேலை, பிள்ளை பிறந்ததும் தந்தி கொடுத்தால் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லித்தான் அதை ஒத்துக்கொண்டார் என்பதையும் சொன்னாள். இத்தனை வருஷத்தில் இதை அவள் மகளிடம் சொன்னதே இல்லை.

"ஒரு நிமிஷம் வந்து பாரும்மா. அவருக்கு ஒரு நொடிதான் குறையும்."

"ஒரு நொடியும் வேண்டாம்" என்றாள் அம்மா. "நான் பார்த்த மனுஷன்தானே. நிக்கட்டும் அவர்."

சங்கத்தின் தலைவர் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர். மரக்கிடங்கில் காய்ந்த துணிகள் அவருடைய இரண்டு தங்கைகள் துவைத்துப் போட்டவை. காப்பகத்து டீ அறையில் பென்சிலம்மா எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது அவர் டீ ஆடை கட்டிப்போயிருந்தது. குழு படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும், பளீரென்ற விளக்கின் கீழ் நாள்கணக்கில் வைத்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். வக்கீலுக்குத் தெரியப்படுத்தலாமா என்றாள் அவள். "தெரியப்படுத்தினா உன்னையும் என்னையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க. இல்லைன்னா நிஜமான்னு பார்க்க விளக்கைப் போடுவாங்க" என்றார். டீயை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, "பதினோரு நிமிஷம். என் சர்வீஸ்ல ஒரு நிமிஷ லேட்டுக்கே மெமோ வாங்கியிருக்கேன்மா" என்றார்.

சங்கம் வாடகை அறையில் கூடியது. இருபத்துமூன்று பேர். அந்தக் கூட்டத்தில் நடந்த சண்டை மாதிரி அதற்கு முன்னும் பின்னும் நடந்ததில்லை. துரோகி மகன் என்று சொல்லி வேலை கொடுக்காத ஊர்களை ஒருவர் வரிசையாகச் சொன்னார். கல்யாணம் நின்றுபோன ஒருத்தி எழுந்து, அது நின்றுபோன தேதியை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பேரப்பிள்ளைகளிடம் எந்த ஊர் என்று சொல்லாமலே சாகப் போகிறேன், இந்த ஒரு படம் போதும் நிமிர்ந்து நடக்க என்று மேசையைத் தட்டினார் இன்னொருவர். பேக்கரி வைத்திருந்த ஒருவர்தான் கடைசியில் கேட்டார். "நம்ம மானம் பெரிசா, அவங்க உயிர் பெரிசா? அதைச் சொல்லிட்டுக் கையைத் தூக்குங்க." திறக்க வேண்டாம் என்பதற்கு ஒவ்வொரு கையாக எழும்பியது. மேசையைத் தட்டியவருடைய கையும் எழும்பியது. சங்கத்தின் மனுவை எழுதிய ஸ்டேஷன் மாஸ்டர் கை எல்லோருக்கும் கடைசியாக, பாதிதான் எழும்பியது. அதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

காப்பகத்தில் ஒரு பொருளை அழிக்க நெருப்பு தேவையில்லை, தப்பான பெட்டியில் வைத்தால் போதும். அங்கே எட்டு லட்சம் பெட்டிகள் இருக்கின்றன. இருபத்தாறு வருஷத்தில் ஒரு தாளைக்கூட இடம் மாற்றி வைக்காத பென்சிலம்மா, பிஸ்கட் டின்னை நகராட்சிச் சாக்கடை வரைபடங்கள் இருந்த பெட்டியில் வைத்தாள். அட்டவணையில் எதிரே "காணவில்லை" என்று எழுதினாள், முதல்முறையாகப் பேனாவால். இயக்குநர் கத்தினார், விசாரித்தார், பதவி உயர்வை நிறுத்தினார், அவளைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார். படத்தைத் தொலைத்தவள் என்ற பேர் ஓய்வுபெறும் நாள்வரை கூடவே இருந்தது. குழு ஆதாரம் இல்லையென்று கோப்பை மூடியது. பாடப்புத்தகத்தின் அடுத்த பதிப்பிலும் எதிரியின் வண்டிகளை ஒளித்துவைத்த ஊர் என்ற வரி அப்படியே இருந்தது, எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாகியிருந்தது.

தளபதியின் மகள் ஒருமுறை கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்தாள். படம் தொலையவில்லை என்பதை எப்படியோ ஊகித்திருந்தாள், அப்பாவுடன் அந்த வீட்டில் இருந்தவள் ஆயிற்றே. பென்சிலம்மா அவளிடம் எதையும் மறைக்கவில்லை. மகள் நெடுநேரம் கைப்பையின் பட்டனைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். "அப்போ அப்பா அவங்களைக் காப்பாத்தினாரா?" என்று கேட்டாள். குரலில் ஆசை இருந்தது.

"இல்லைங்க" என்றாள் பென்சிலம்மா. "தள்ளிப் போட்டார். இப்ப நாங்க தள்ளிப் போடறோம்."

அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் சங்கத்துக்காரர்கள் காப்பகத்துக்கு வருகிறார்கள். இருபத்துமூன்று பேர் இப்போது ஒன்பதாகக் குறைந்துவிட்டார்கள். பழைய சாக்கடை வரைபடங்களைக் கேட்டுச் சீட்டு எழுதுகிறார்கள். அதில் நோக்கம் என்று ஒரு கட்டம் உண்டு. ஸ்டேஷன் மாஸ்டர் அதில் "திறக்காமல் இருக்க" என்று பென்சிலால் எழுதுகிறார். முதல் வருஷம் புருவத்தைத் தூக்கிய அட்டெண்டர் இப்போது முத்திரை குத்திவிட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்து, தானே போய் ஜன்னல் திரையை இழுத்து விடுகிறார். ஒரு மணி நேரம் எல்லோரும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். பென்சிலம்மாவின் அம்மாவுக்கு எண்பத்தைந்து ஆகிறது, கண் சரியாகத் தெரியாது. இருந்தும் வருகிறாள். மூடிமேல் கையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வியைக் கேட்கிறாள்.

"மணி என்னடி ஆச்சு?"

எதிர்ச்சுவர்க் கடிகாரத்தில் நாலேகால் ஆகிறது. "பதினொன்னு நாற்பத்தொண்ணும்மா" என்கிறாள் மகள்.

"நேரம் இருக்கு" என்கிறாள் அம்மா. அட்டெண்டர் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் அதன் இடத்தில் வைக்கிறார்.