முந்நூற்றுப் பன்னிரண்டு பார்வைகள்

இணையத்தில் ஒன்றை எத்தனை பேர் நிஜமாகப் படிக்கிறார்கள், எத்தனை பேர் சும்மா எண்ணிக்கையை ஏற்றிவிடுகிறார்கள் என்று கண்டுபிடிக்க நான் ஒரு சூத்திரம் எழுதினேன். ஒரு மாதம் முன்பு புள்ளியியல் இணைய இதழில் அது கட்டுரையாக வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அதற்கு முந்நூறு பார்வை வந்தால்தான் பேராசிரியர் பதவிக்கு என் பெயர் போகும் என்றார் துறைத்தலைவர். பன்னிரண்டு வருடமாக உதவிப் பேராசிரியராகவே குப்பை கொட்டுகிறேன். எனக்கு அந்தப் பதவி வேண்டும், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை எண்ணிக்கை முந்நூற்றுப் பன்னிரண்டு. தலைகால் புரியாமல் தலைவர் அறைக்கு ஓடினேன்.

"பாத்தேன் சார். உங்க சூத்திரத்தையே உங்க கட்டுரைக்குப் போட்டும் பாத்தேன்," என்றார் அவர். "எரநூத்தித் தொண்ணூத்தெட்டு போலி. எல்லாம் ஒரே போன். பதினாலுதான் நிஜம்."

வரைபடத்தை நீட்டினார். தினமும் காலை ஏழிலிருந்து ஏழரைக்குள் பத்துப் பன்னிரண்டு பார்வை. நடுவில் மூன்று நாள் மட்டும் ஒன்றுமில்லை. அந்த மூன்று நாளும் என் மனைவிக்குக் காய்ச்சல்.

என் முகத்தில் ஈயாடவில்லை. வீட்டுக்குப் போனால் அவள் பாட்டுக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என் மானத்த வாங்கிட்டியே! உன்ன யாரு ஏத்திவிடச் சொன்னது?"

"எத ஏத்தினேன்? நான் படிச்சேங்க. ஒரு தடவை தொறந்தா ஒரு வரிதான் மண்டையில ஏறுது. மூடிட்டு யோசிப்பேன், மறுபடி தொறப்பேன். இன்னிக்குக் காலையிலதான் முடிஞ்சுது."

அந்தக் கட்டுரையை என்னைத் தவிர ஒரு ஜீவன் முழுசாகப் படித்திருக்கிறது! கத்தியதற்கு வெட்கமாக இருந்தது.

"ஏழாம் பக்கத்துல நாலாவது வரி," என்றாள். "முந்தின பக்கத்துல ஒரு கழித்தல் குறி இருந்துச்சே, இங்க காணோம். எங்க போச்சு?"

"உனக்கு என்ன தெரியும்" என்று ஆரம்பித்துவிட்டுப் பார்த்தேன். காணோம்தான். கட்டுரையைச் சரிபார்த்த மூன்று நிபுணர்கள் கண்ணிலும் படவில்லை. குறியைப் போட்டுச் சூத்திரத்தை மறுபடி ஓட்டினேன். எல்லாம் தலைகீழாக வந்தது. இருநூற்றுத் தொண்ணூற்றெட்டும் நிஜம். எட்டு விநாடி எட்டிப் பார்த்துவிட்டுப் போன பதினான்கும் போலி. அதில் ஒன்று தலைவருடைய கணினி.

"நிஜம்னு பாத்தா முந்நூறுக்கு ரெண்டு குறையுதே," என்று தலையில் கை வைத்தேன்.

அவள் போனை எடுத்தாள். "தலைப்பு ரெண்டு வரி இருக்குல்ல? அது எப்படியும் புரியாதுன்னு விட்டு வெச்சிருந்தேன்."