இடுப்பு வரை

வேண்டிக்கொள்வதற்கு முன் தன் தலையில் என்ன இருக்கிறது என்று நூரிஸ் ஒரு நொடி தொட்டுப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. சான் பெத்ரோ ஆஸ்பத்திரியின் தாழ்வாரத்தில் மண்டியிட்டாள். உள்ளே டெங்குக் காய்ச்சலில் கணவன் எலாதியோ கண் திறக்காமல் கிடந்தான். "அல்தாகிராசியா மாதாவே, இந்த மனுஷனை மட்டும் எனக்குத் திருப்பிக் குடு. என் முடிய இடுப்பு வரைக்கும் வளத்து, பின்னி, உன் கோயிலுக்கே வந்து வெட்டிக் குடுக்குறேன்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். மனசுக்குள் சொல்லியிருந்தால் அது அவளுக்கும் மாதாவுக்கும் நடுவில் போயிருக்கும். பக்கத்தில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த மாமியார் கசில்டாவுக்குப் பாம்புக் காது.

நாலாம் நாள் எலாதியோ எழுந்து உட்கார்ந்து, மசித்த வாழைக்காயும் வறுத்த சலாமி இறைச்சியும் கேட்டான். மயிரைக் கட்டி மலையை இழு, வந்தால் மலை, போனால் மயிர் என்பார்கள். நூரிஸுக்கு மலை வந்துவிட்டது. மயிர்தான் வரவில்லை.

முப்பத்தெட்டு வயதில் அவள் முடி ஒருநாளும் தோளைத் தாண்டியதில்லை. இதில் வெட்கக்கேடு என்னவென்றால், இருபது வருடமாக அவளுக்குத் தொழிலே முடிதான். சனிக்கிழமை காலையில் அவளுடைய சலூன் வாசலில் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். கழுவி, முடியை உருளைகளில் சுற்றி, சூட்டுத் தொப்பிக்குள் தலையை வேகவைத்து, பிறகு ட்ரையரால் இழுத்து இழுத்து நேராக்கினால் முடி பட்டுத் துணியாக விழும். வெங்காயமும் பட்டையும் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைப் புட்டியில் அடைத்து, 'மூன்றே மாதத்தில் இடுப்பு வரை' என்று சீட்டு ஒட்டி விற்றதும் அவளேதான். வாங்குகிறவர்கள் புட்டியைப் பார்ப்பார்கள், அப்புறம் அவள் தலையைப் பார்ப்பார்கள். அவள் உடனே வானிலை பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாள்.

வேண்டுதலில் நல்லவேளையாகத் தேதி எதுவும் சொல்லவில்லை. அந்த ஒரு புத்திசாலித்தனத்துக்காக ஆறு மாதம் தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள். ஆனாலும் முயற்சி செய்யாமல் இல்லை. அவகாடோவை மசித்துப் பூசினாள். அரிசி ஊறிய தண்ணீரில் அலசினாள். தன் எண்ணெயைத் தானே தேய்த்து, தெருநாய்கூடக் கிட்டே வராத அளவுக்கு வெங்காயம் மணந்தாள். வளர்பிறையில் நுனி வெட்டினால் முடியும் நிலாவோடு வளரும் என்று ஊரே நம்பும். அதனால் காலண்டர் பார்த்து வெட்டிக்கொண்டாள். ஆனால் சனிக்கிழமை தவறாமல் ட்ரையரும் பிடித்தாள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சுருளை நேராக்கும் மருந்தும் பூசினாள். சலூன்காரி சுருட்டைத் தலையோடு நின்றால் எவள் உள்ளே வருவாள்? முடி சாண் ஏறினால் முழம் சறுக்கியது.

ஒருநாள் கசில்டா கடைக்கு வந்தாள். தரையில் கிடந்த முடிக்குப்பையைச் செருப்பு நுனியால் கிளறினாள்.

"ஏம்மா, நீ மாதாவுக்கு முடி வளக்குறியா, விளக்கமாத்துக்கு வளக்குறியா?"

"அத்தை, இது வந்தவங்களோட முடி."

"இந்தச் செம்பட்டைச் சாயம் இந்தத் தெருவுலயே உனக்கு மட்டுந்தான் இருக்கு. மேல வளருது, கீழ ஒடிஞ்சு விழுது. என் புள்ள உசுரு இதுலதான் தொங்குது, ஞாபகம் இருக்கட்டும்."

நூரிஸ் குனிந்து பார்த்தாள். கண்ணாடிக்கு முன்னால் அவள் தினமும் தலை சீவுகிற இடத்தில், விரல்நீளத் துண்டுகளாக அவள் முடி பரவிக் கிடந்தது. அவள் தலையில் முடி வளராமல் இல்லை. பிறந்ததிலிருந்து வளர்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. வளர வளர அவள்தான் சுட்டு ஒடித்திருக்கிறாள். இருபது வருடம் கத்தரி பிடித்தவளுக்கு இது இன்றைக்குத்தான் தெரிகிறது என்றால், அந்தக் கையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அன்று சாயங்காலமே மருந்து தொட்ட முடி முழுவதையும் வெட்டிவிட்டாள். மிஞ்சியது இரண்டு விரல் உயரத்துக்குச் சுருள். எலாதியோ வாசலிலேயே நின்றுவிட்டான்.

"நூரி, வேண்டுதல் இடுப்பு வரைன்னுதானே சொன்னே? இது என்னடி, வேற பக்கமால்ல போவுது?"

"வாயத் தொறந்தே, உன்னைய மாதாகிட்டயே திருப்பிக் குடுத்துருவேன்."

கடைக்குத் தலைத்துணி கட்டிக்கொண்டு போனாள். "பேன் வந்துருச்சா, நூரிஸ்?" என்று கேட்டவள் ஒருத்தி. "புட்டி எண்ணெய் எனக்கு வேணாம்மா, பயமா இருக்கு" என்றவள் இன்னொருத்தி. அந்த எண்ணெய் விற்பதை அவள் அன்றோடு நிறுத்தினாள். நேர்மையால் இல்லை, யாரும் வாங்கவில்லை.

பிறகு அவள் செய்ததெல்லாம் சோம்பேறியின் வேலை. ஈரத்தில் மட்டும் சிக்கெடுப்பாள், முதலில் விரலால், பிறகு அகலப்பல் சீப்பால், நுனியிலிருந்து மேல்நோக்கி. சூடு கிடையாது, இழுப்புக் கிடையாது. தளரப் பின்னி விட்டுவிடுவாள். படுக்கும்போது வழுவழுத்த சாட்டின் குல்லா. "பக்கத்துல பேக்கரிக்காரன் படுத்திருக்கிற மாதிரியே இருக்கு" என்று எலாதியோ தள்ளிப் படுத்தான். இரண்டாம் வருடம் தோளைத் தொட்டது. மூன்றாம் வருடம் முதல்முறையாக மழையில் நடந்தாள். நேராக்கிய தலையோடு வாழ்ந்த காலமெல்லாம் ஒரு தூறலுக்குப் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடியவள், சந்தையிலிருந்து வீடுவரை கொட்டுகிற மழையில் மெதுவாக வந்தாள். தலை நனைவது இத்தனை சுகம் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. முடிமேல் அவளுக்கு ஆசை வந்துவிட்டது. நடுத்தர வயதில் காதல் வந்தவள்போல, போகிற வருகிற கண்ணாடியில் எல்லாம் திரும்பிப் பார்த்தாள். "என்ன போடுறே நூரிஸ்?" என்று இப்போது தெருப்பெண்கள் கேட்டார்கள். "ஒண்ணும் போடலை, சும்மா விட்டுட்டேன்" என்றால் நம்பாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஐந்தாம் வருடம் முடிகிற சமயத்தில் கசில்டா அளவு நாடாவோடு வந்தாள். ஜனவரி இருபத்தொன்று நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த ஊரில் அந்தத் தேதியைச் சொன்னால் போதும், மாதாவின் திருநாள் என்று குழந்தைக்கும் தெரியும்.

"எட்டிடுச்சா?"

"எங்க அத்தை? பாருங்க, தோள்பட்டைக்குக் கீழ கொஞ்சந்தான்." காய்ந்த சுருள் ஸ்பிரிங்போல மேலே ஏறி நின்றது. வாழ்நாளெல்லாம் முடியை இழுத்துப் பிடித்து நீளம் காட்டியவள், அன்று தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தும் நின்றாள். நுனி இன்னும் மேலே போகட்டும் என்று.

உள்ளே எலாதியோ இருமினான்.

"கேட்டியா, இருமுறான்" என்றாள் கசில்டா.

"சிகரெட் குடிச்சா இருமல் வராம பாட்டா வரும், அம்மா?" என்றான் அவன்.

கசில்டா நாடாவைக் கீழே வைத்தாள். சமையலறைக்குப் போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து, மருமகள் தலையில் அப்படியே கவிழ்த்தாள். சுருள் அவிழ்ந்து, முதுகில் ஒட்டி, இறங்கி இறங்கி இடுப்பில் போய் நின்றது. இரண்டு விரல் கூடவே இருந்தது.

நூரிஸுக்குக் கோபம் வரவில்லை. சொட்டச் சொட்ட நின்றபடி, புருஷனுடைய இருமலைக் கேட்டுக்கொண்டே மாதாவை அளவில் ஏமாற்றப் பார்த்த தன்னை நினைத்து அவமானமாக இருந்தது. இந்தத் திருட்டுத்தனத்துக்கு முழம் குறைத்து அளக்கிற கடைத்தெருத் துணிக்காரனே தேவலை.

மாதா கோயில் இருக்கிற இகுவேய்க்குப் போகும் பஸ்ஸில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். கசில்டா ஜன்னலோரம் தூங்கினாள். நூரிஸ் பின்னலை மடியில் எடுத்துப் போட்டு, பூனைக்குட்டியைத் தடவுவதுபோல வழியெல்லாம் தடவிக்கொண்டே வந்தாள். தடவிக்கொண்டே ஒரு கணக்கும் போட்டாள். பின்னல் தருகிறேன் என்றுதானே சொன்னேன்? எங்கிருந்து வெட்டுவேன் என்று சொல்லவில்லையே. தோளில் வைத்து வெட்டினால் கீழே இருக்கிற அத்தனையும் மாதாவுக்கு. தோள்வரை எனக்கு. யாருக்கும் குறையில்லை. எலாதியோவின் காதில் சொன்னாள். அவனுக்கும் இந்த யோசனை பிடித்திருந்தது.

கோயிலில் கூட்டம் அலைமோதியது. கையில் மெழுகுவத்தியோடு முழங்காலில் நகர்ந்து போகிறவர்களுக்கு நடுவே இவர்களும் நகர்ந்தார்கள். காணிக்கை வைக்கிற இடத்துக்கு வந்ததும் நூரிஸ் பையிலிருந்து தன் சலூன் கத்தரியை எடுத்தாள். பின்னலைத் தோளளவில் நூலால் கட்டி, கத்தரியை அங்கே வைத்தாள்.

"அங்க சரியா இருக்கு" என்றான் எலாதியோ மெதுவாக. "அழகா இருக்கும், நூரி. சனிக்கிழம கடைக்கும் போவணும்ல. வெட்டு."

அவள் அவனைப் பார்த்தாள். ஐந்து வருடத்தில் தொப்பை போட்டிருந்தான். மூக்குக்குக் கீழே வியர்த்திருந்தது. ஆஸ்பத்திரியில் அவன் கால் விரல்கள் சில்லிட்டுக் கிடந்ததும், தான் அவற்றைத் தேய்த்துக்கொண்டே இருந்ததும் நினைவு வந்தது.

"மாதா உன்னையத் தோள் வரைக்குமா எனக்குத் திருப்பிக் குடுத்தா?" என்றாள்.

கசில்டா ஜெபமாலையைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டி, மருமகளின் பின்னலை ஏந்திப் பிடித்துக்கொண்டாள். நூரிஸ் நூலை அவிழ்த்துப் பிடரியில், தோலை ஒட்டிக் கட்டினாள். கத்தரியை அங்கே வைத்து அழுத்தினாள். முடி தடிமனாக இருந்தது, ஒரே வெட்டில் போகவில்லை. நாலு முறை வெட்ட வேண்டியிருந்தது.