பின்சீட்டில் இருந்தவள்

“சிரிக்காத. பட்டப்பகல்ல, மண்டையப் பொளக்கிற வெயில்ல, பின்சீட்ல உட்கார்ந்திருந்த பொம்பள மாயமாப் போயிட்டா. கண்ணாடியில பார்க்கிறேன், சீட்டு காலி!”

“நீ பாட ஆரம்பிச்சிருப்ப, குதிச்சிருப்பா.”

“ஓடுற வண்டியிலேர்ந்தா? கழுதை! ஒருத்தன் பாதி உசுரு போய் வந்து நிக்கிறேன், உனக்கு நக்கலு.”

சமையலறை மேசையில் அண்ணன் முட்டையை உரித்துக்கொண்டிருந்தான். டாக்சி ஓட்டுகிறவன். ஓட்டோடு சேர்த்து வெள்ளையையும் அவன் பிய்த்தெடுப்பதை மாலை வெளிச்சத்தில் தங்கை பார்த்தாள். அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. போகும் பஸ்ஸிலும் வரும் பஸ்ஸிலும் எந்தெந்த நாட்டுக் கதைகளையோ மொழிபெயர்ப்பில் படித்துத் தள்ளுவாள். சில நாள் கதை மும்முரத்தில் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டு, அண்ணனையே வரச் சொல்லி அவன் டாக்சியில் ஏறி வருவாள்.

“அண்ணா, உன் பேய் ஒண்ணும் உனக்குன்னு பிறந்தது இல்ல. அது பாஸ்போர்ட் வெச்சிருக்கிற பேய்.”

“என்னது?”

“ஜப்பான்ல உன்னை மாதிரி டாக்சிக்காரன் வண்டியிலதான் ஏறுவா. கல்லறைப் பக்கம் போகச் சொல்லுவா. திரும்பிப் பார்த்தா ஆள் இல்ல, சீட்டு மட்டும் நனைஞ்சிருக்கும். அமெரிக்காவுல குளிருதுன்னு கோட்டு வாங்கிப் போட்டுக்குவா. மறுநாள் அந்தக் கோட்டு அவ கல்லறை மேல கிடக்கும். ஸ்வீடன்ல காரே இல்லாத காலத்துல பனியில குதிரை இழுக்கிற சறுக்கு வண்டியில ஏறியிருக்கா.”

அண்ணன் முட்டையை வாயருகே வைத்தபடி கேட்டான். பயம் குறைந்து, அதில் கொஞ்சம் பெருமைகூட எட்டிப் பார்த்தது.

“ஏன் எல்லா ஊர்லயும் வண்டிக்காரன் தலையிலயே வந்து விடியுது?”

“தெரியல. ஊர் ஊராப் போறவங்க வாய் வழியாப் பரவுச்சுன்னு சொல்றாங்க. எனக்கென்னமோ, செத்தவங்க எப்படியாவது வீடு வந்து சேரட்டும்னு யாரோ ஆசைப்பட்டிருப்பாங்கன்னு தோணும்.”

“இவ வீட்டுக்குப் போகலையே. கண் ஆஸ்பத்திரிக்குன்னுதான் ஏறினா. நான் பார்க்கும்போது வண்டி பாலத்து மேல போகுது.”

“பாலம் ஆஸ்பத்திரியைத் தாண்டில்ல இருக்கு?”

“அதான் சொல்றேன், அவதான் இழுத்துட்டுப் போயிருக்கா! இதைக் கேளு. மீட்டர் நின்னிருக்கு. வண்டி மேல ‘காலி’ விளக்கு எரியுது. பேய் இறங்கும்போது அதையெல்லாம் பொறுப்பாச் செஞ்சிட்டுப் போயிருக்கு.”

தங்கைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாதியிலேயே அது நின்றுபோனது.

“அண்ணா, மீட்டர் பொத்தான் ஸ்டியரிங்குக்குக் கீழதானே?”

“ஆமா.”

“பின்சீட்லேர்ந்து எட்டுமா?”

“எப்படி எட்டும்? குரங்கு மாதிரி நீளக் கை இருக்கணும். ஆள் இறங்கினதும் நான்தான்...” அவன் வலது கை தானாக மேசைக்கடியில் போய் எதையோ அழுத்திப் பார்த்தது. எத்தனையோ வருடப் பழக்கம். கை அங்கேயே நின்றது.

அடுப்பில் கெட்டில் விசில் அடித்தது. தங்கை எழுந்து அணைத்தாள். திரும்பும்போதும் அண்ணனின் கை மேசைக்கடியிலேயே இருந்தது.

அந்தப் பெண் ஆஸ்பத்திரி வாசலிலேயே இறங்கியிருக்கிறாள். அவன் கதவைத் திறந்துவிட்டிருக்கிறான், மீட்டரை நிறுத்தியிருக்கிறான், ஒருவேளை பார்த்துப் போங்கம்மா என்றுகூடச் சொல்லியிருக்கிறான். அங்கிருந்து பாலம் வரை அவன் தூங்கியிருக்கிறான், கைகால் மட்டும் விழித்திருந்திருக்கிறது. மறைந்து போனது அவளில்லை. பனியில் வண்டி ஓட்டிப்போன அந்தப் பழங்காலத்து மனிதனும் எத்தனை நாள் தூக்கம் கெட்டவனோ என்று தங்கை நினைத்தாள்.

ஒரே டாக்சியைப் பகலில் அண்ணனும் இரவில் அவன் கூட்டாளி நெட்டையும் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். நெட்டையின் குழந்தை மாதம் நிறையுமுன்பே பிறந்து, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறது. அன்றிலிருந்து பகல், இரவு இரண்டு முறையையும் அண்ணனே ஓட்டுகிறான்.

“நெட்டைக்குத் தெரியுமா, நீ தூங்கவே இல்லைன்னு?”

“அவன்கிட்ட சொல்லித் தொலைக்காத. பெட்டி மேல கை வெச்சிட்டு நிக்கிறான். நம்ம வண்டி ஒரு ராத்திரி நின்னா முதலாளி வேற ஆளுக்குத் தூக்கிக் குடுத்துருவான். அப்புறம் குழந்தையோட வீட்டுக்கு வர்றவனுக்கு வேலை எங்க?”

“நீ பாலத்துலேர்ந்து விழுந்தா மட்டும் வண்டி இருக்குமா?”

“ஏய், அபசகுனமாப் பேசாத.” அவன் அவள் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தான். “ஒரு டீ குடிச்சா தெளிஞ்சிரும். ஜன்னலை இறக்கி விட்டுட்டு ஓட்டறேன், போதுமா?”

தேநீரை நின்றவாக்கிலேயே குடித்தான். செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டி, ஓரடி வைத்து, குனிந்து பார்த்தான். சிரித்துச் சமாளிக்க நினைத்தவனுக்கு நடுவிலேயே கொட்டாவி வந்துவிட்டது. சாவிக்கொத்து அவன் விரலில் தொங்கியது.

தங்கை வாசற்கதவுக்குக் குறுக்கே வந்து நின்றாள்.

“உனக்கு என்ன கதை வேணும்னாலும் சொல்றேண்ணா, நீ தூங்குற வரைக்கும் சொல்லிட்டே இருக்கேன்,” என்று கையை நீட்டினாள். “அந்தச் சாவியை என்கிட்ட குடு.”