நாற்பத்தொரு உருப்படி

மோகனராஜின் முன்பல்லை உடைத்தது நான்தான். என் இடது விலா எலும்பை உடைத்தது அவன். காணிச் சண்டை என்று அலுவிகாரையில் சிலர் சொல்கிறார்கள். பொய். அது துணி அடுக்குவதில் வந்த சண்டை. நான் பொய் சொல்வதில்லை என்பது ஊருக்கே தெரியும்.

என் மருமகன் ஷிஃபான் அன்று கத்தாருக்குப் புறப்பட வேண்டும். கிடைத்தது மலிவான டிக்கெட்; முதுகில் மாட்டும் பை ஒன்று மட்டும் கொண்டுபோகலாம். விமான நிலையத்தில் ஓர் இரும்புச் சட்டம் இருக்கும், அதற்குள் பை நுழையாவிட்டால் ஆளும் ஏற முடியாது என்று ஏஜென்சிக்காரன் சொல்லியிருந்தான். ஏறாவிட்டால் அந்த வேலை வேறொருவனுக்கு. அவன் பெண்சாதி, என் மகள் நுஸ்ரா, அதே அளவில் நான்கு பலகைகளை ஆணியடித்து ஒரு மரச்சட்டம் செய்து முற்றத்தில் வைத்துவிட்டாள். வேன் நான்கு மணிக்கு.

துணி நாற்பத்தொரு உருப்படி. எண்ணியவன் சந்தியில் சலவைக் கடை வைத்திருக்கும் மோகனராஜ். அன்று கரண்ட் இல்லை. கடைசிச் சட்டைகளைத் தேய்க்கக் கரிபோட்ட இஸ்திரிப் பெட்டியோடு வந்திருந்தான்.

"தட்டையா மடிச்சு அடுக்கணும்ங்க நானா. அப்பத்தான் மடிப்பு கலையாது. போற எடத்துல அவரு மனுசனாத் தெரிவாரு."

அண்ணனை நாங்கள் 'நானா' என்போம்; மோகனராஜும் என்னை அப்படித்தான் கூப்பிடுவான். அவன் முறையில் இருபத்தாறு போனது. மற்றப் பதினைந்தும் வெளியே கிடந்தன. நுஸ்ரா போனில் ஒரு வெள்ளைக்காரியின் வீடியோவைக் காட்டினாள். அவள் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"இது ரொட்டி சுருட்டுற மாதிரி ஈக்கி," என்றேன். "தள்ளுங்க."

நான் முப்பது வருடம் கறுவாப்பட்டைக் கிடங்கில் கட்டுக் கட்டியவன். நீளமான பட்டைக் குழலுக்குள் சின்னப் பட்டைகளைத் திணித்து, காய்ந்ததும் காலால் மிதித்துக் கயிறு போட்டு இறுக்குவது என் தொழில். அதையே செய்தேன். காலுறையைப் பனியனுக்குள், பனியனைச் சாரத்துக்குள், சாரத்தைக் காற்சட்டைக் காலுக்குள். நாற்பத்தொன்றும் ஒன்பது குழல்களாகின. தும்புக் கயிற்றால் கட்டிப் பைக்குள் மிதித்து ஸிப்பை இழுத்தேன். மூடியது.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. கறுவாப் பட்டை காயக் காய உள்ளே சுருளும். துணி சுருட்டச் சுருட்ட வெளியே வரப் பார்க்கும்.

பை ஒருமுறை உறுமியது. ஸிப்பின் நாக்கு தெறித்து, மோகனராஜின் மூக்குக்கண்ணாடியை உடைத்து, புருவத்தைக் கிழித்து, பின்னால் நின்ற பலாமரத்தில் இரண்டு அங்குலம் இறங்கியது. மரத்திலிருந்து பால் வடிந்தது. மோகனராஜிடமிருந்து இரத்தம் வடிந்தது.

"வேணும்னே அடிச்சீங்க."

"பை அடிச்சா நான் என்ன செய்யிற?"

அவன் இஸ்திரிப் பெட்டியை ஓங்கினான். நான் பையைக் குறுக்கே பிடித்தேன். நைலோன் பொசுங்கியது. அதே பையை வீசி அவன் வாயில் அடித்தேன்; பல் போனது. அவன் பையைப் பிடுங்கி என் விலாவில் இடித்தான். உள்ளே விறகு முறிகிற சத்தம் கேட்டது. பையை நடுவில் வைத்துக் கட்டிப் புரண்டபடி, முற்றத்திலிருந்து ரோட்டுக்கு இறங்கும் பதினேழு படியும் இறங்கினோம். கீழே போய் அவன் காதைக் கடித்தேன். கஞ்சி போட்ட சட்டைக் காலரின் ருசி. அவன் என் தலையைப் பிடித்துக் கடைசிப் படியில் மூன்று தரம் மோதினான். படி வெடித்தது.

விலக்க வந்த ஷிஃபானின் மூக்கில் யாருடைய முழங்கையோ பட்டது. பயணம் போகிறவனை அடித்தது தப்பு என்று இருவரும் அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொடர்ந்தோம்.

நுஸ்ரா மரச்சட்டத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். ஒவ்வொரு அடிக்கும் பை மெலிவதை அவள்தான் கண்டாள்.

"நிப்பாட்டிராதீங்க வாப்பா. இன்னும் ரெண்டு விரல் ஈக்கி. மோகன் அங்கிள், அந்த மூலையில கொஞ்சம் வாப்பாவப் போட்டு அடிங்க."

அடித்தான். பை சட்டத்துக்குள் வழுக்கிப் போனது. அவள் அங்கேயே உட்கார்ந்து சாக்கு ஊசியால் வாயைத் தைத்தாள். ஆனால் கையை எடுத்ததும் பை மெல்ல மூச்சு விட்டு வீங்கத் தொடங்கியது.

"ஏறி உக்காருங்க, ரெண்டு பேரும்."

கட்டுநாயக்கா விமான நிலையம் வரைக்கும் மூன்றரை மணித்தியாலம், வேனுக்குள் அந்தப் பைமேல் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து போனோம். அவன் இரத்தம் என் சட்டையில், என் இரத்தம் அவன் சட்டையில். குருநாகலில், "நானா, கொஞ்சம் அழுத்தி உக்காருங்க, என் பக்கம் தூக்குது," என்றான். வேனிலிருந்து தள்ளுவண்டிக்கு மாற்றியும் அதன்மேலேயே உட்கார்ந்து, இரும்புச் சட்டத்துக்குப் பக்கத்தில் போய்த்தான் எழுந்தோம். ஷிஃபான் பையைப் பறித்து உள்ளே போட்டான். நுழைந்தது. அவனும் போனான்.

மறுநாள் பகல் கத்தாரிலிருந்து அழைத்தான். அறையில் தையலை வெட்டினானாம். முதல் குழல் மின்விசிறியைக் கழற்றிக் கீழே போட்டது. இரண்டாவது, பலகைச் சுவரைத் துளைத்து அடுத்த அறைக்காரனின் தாடையை உடைத்தது. காலுறைக்குள் ஒரு பல் இருந்ததாம்.

"சட்டை மடிப்பு?" என்று, பக்கத்தில் காத்து நின்ற மோகனராஜ் போனை என் கையிலிருந்து இழுத்துக் கேட்டான்.

"அப்புடியே ஈக்கி அங்கிள். வேலையிலயும் சேந்துட்டன். மாமாக்கும் சொல்லுங்க, ரெண்டு வருசத்தில லீவில வரணும். இதெல்லாத்தையும் திரும்பக் கட்ட இங்க ஆளில்ல. நீங்க ரெண்டு பேரும் ஒருக்கா வந்து போக ஏலுமா?"

நாங்கள் இன்னும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. ஆனால் போன கிழமை மாத்தளைக்குப் போய் இருவரும் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்தோம். அவன் வாயை மூடிக்கொண்டு எடுத்தான்.