தப்பான ஒயரிங்

1.
ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். என் மேசை விளக்கு கெட்டுப்போகாமல் இருந்திருந்தால் இந்தக் கதை எனக்குக் கிடைத்திருக்காது. அதைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டுக் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோதுதான் எல்லாம் என் கண்முன் நடந்தது. வீட்டுக்கு வந்து இப்படித் தொடங்கினேன்:

அந்தப் புகழ்பெற்ற கிதார் கலைஞர், காதலியைப் போலத் தன் கிதாரை மார்போடு அணைத்தபடி...

(சீ! கடையில் என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தவள் கடைக்காரி. என் பேனாவோ நேராகப் போய் அவள் அண்ணன் காலில் விழுந்திருக்கிறது. அந்த வரியை அடித்துவிட்டேன்.)

2.
கடைக்காரிக்கு ஐம்பது வயது. மின்சாதனங்களைப் பழுதுபார்ப்பவள். கிதாரோடு வந்தவர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்பு அவர் வாங்கிவந்தபோதே அது பழைய எலெக்ட்ரிக் கிதார். இரைச்சலைத் தவிர எதுவும் வராது. அவள்தான் பிரித்து, துருவைச் சுரண்டி, உள்ளே முழுக்கப் புது ஒயர் இழுத்தாள். கம்பிகளின் அதிர்வை வாங்கும் காந்தச் சுருள்கள்* இரண்டில், ஒன்றின் ஒயர்களை வேண்டுமென்றே இடம் மாற்றி வைத்தாள். மூக்கால் அழுவது போல ஒரு சத்தம் பிறந்தது. அதுதான் அண்ணனை மேடையேற்றியது. கேட்ட பத்திரிகைக்கெல்லாம் அவர் சொன்ன பதில் ஒன்றே: "எல்லாம் விரல்ல இருக்கு."

* பிக்கப் என்பார்கள். என் முதல் வரைவில் இந்த வேலையை 'யாரோ ஒரு மெக்கானிக்' செய்திருந்தார். அந்த 'யாரோ'வை எழுதியவனும் நான்தான்.

3.
போன மாதம் கிதாரைப் புதுப்பிக்க வேறொரு பெரிய கடையில் கொடுத்திருக்கிறார். அவர்கள் 'தப்பான' ஒயரிங்கைத் திருத்திவிட்டார்கள். சத்தம் போயே போய்விட்டது.

"நாளைக்குக் கச்சேரிம்மா. பழையபடி பண்ணிக் குடு."

அவள் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தாள். முகம் சிவந்தது. ஒயர் பற்றவைக்கச் சூடேறியிருந்த சால்டரிங் அயர்னை அவர் கையில் திணித்தாள்.

"நீங்களே பண்ணுங்கண்ணே. எல்லாம் விரல்லதானே இருக்கு?"

"விளையாடாதே. எந்த ஒயர் எங்க போகுதுன்னு எனக்கென்ன தெரியும்?"

"இத ஒரு பத்திரிகைக்காரங்ககிட்டயாவது சொன்னீங்களா?"

"ஒயரப் பத்திச் சொன்னா யாருக்குப் புரியும்?"

"ஒயரு வேணாம். தங்கச்சி பண்ணதுன்னு சொன்னா புரியாதா?"

அவர் அயர்னைப் பிடித்தபடி நின்றார். எந்தப் பக்கம் நீட்டுவது என்றுகூடத் தெரியவில்லை.

4.
இங்கே ஒரு வரைவில் அண்ணனை அழவைத்தேன். இன்னொன்றில் அவள் கிதாரைத் தெருவில்... வேண்டாம். அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

நடந்தது இது: அயர்னைப் பிடுங்கினாள். இரண்டு ஒயரையும் விடுவித்து, மாற்றி வைத்து, ஈயம் உருக்கினாள். ஐந்தே நிமிஷம்.

"உங்களுக்காகப் பண்ணல. என் வேலையத் தப்புன்னு எவனோ திருத்திட்டுப் போவான், நான் பாத்துட்டு இருக்கணுமா? நாளைக்கு மேடைல சொல்லுங்க. இல்லேன்னா இனிமே இந்த மூடிய நான் தொறக்க மாட்டேன்."

5.
கச்சேரிக்கு நான் போனேன். அவள் வரவில்லை, கடையில் யாருடைய மின்விசிறியோ பிரித்தபடி கிடந்தது. மூன்றாவது பாட்டில் அந்தச் சத்தம் எழுந்ததும் அரங்கமே எழுந்தது. அண்ணன் மைக்கை இழுத்தார். "இந்தச் சத்தம் இருக்கே..."

எழுதமாட்டேன்.

சொன்னார் என்று எழுதினால், கைதட்டி அவரைப் பெரிய மனுஷராக்கிவிடுவீர்கள். சொல்லவில்லை என்று எழுதினால், திட்டித் திட்டியே அவரை மட்டும் ஞாபகம் வைத்திருப்பீர்கள். எப்படி முடித்தாலும் கதை அண்ணன் கைக்கே போகிறது. முடிவு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் மேடையிலிருந்து வேண்டாம், கடையிலிருந்து எழுதுங்கள். அவர் கையில் இந்தக் கதை இருபத்தெட்டு வருஷம் இருந்தது போதும்.